உதவி: தமிழ்க் கட்டுரைகள் மட்டும் கூகுள்ல வரவே மாட்டேங்குது (ஏற்காடு காபி சைட்)

நாகலூர் தோட்டம்
அவசரம்ங்க. எங்க சைட்ல காபித்தூள், மிளகு விக்கிறோம். தமிழ்ல நிறைய கட்டுரை இருக்கு. எதைத் தேடினாலும் எங்க சைட் வரமாட்டேங்குது. மே மாசம் கோடை விழா கூட்டம் வர்றதுக்குள்ள சரி பண்ணணும். என்ன செய்யலாம்?

அஞ்சுரோடு
சைட் முகவரி எங்கங்க? எதுல கட்டினது, வேர்ட்பிரஸ்ஸா, பிளாக்கரா? கூகுளோட சர்ச் கன்சோல்ல (சைட் தேடல்ல எப்படி வருதுன்னு காட்டற இடம்) சேத்திருக்கீங்களா? எப்ப ஆரம்பிச்ச சைட்? இதெல்லாம் சொல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மெய்யனூர் ரீல்ஸ்
சைட்டெல்லாம் யாரு பாக்குறா. 20 கொண்டை ஊசி வளைவையும் ட்ரோன்ல எடுத்து ரீல்ஸ் போடுங்க, காபிப் பொட்டலத்தைக் கடைசில காட்டுங்க. ஆர்டர் தானா வரும்.

மஞ்சக்குட்டை
வேர்ட்பிரஸ்னா செட்டிங்ஸ்ல ரீடிங் பக்கம் போங்க. தேடுபொறி வரவேண்டாம்னு ஒரு டிக் இருக்கும். சைட் கட்டும்போது போட்டுட்டு எடுக்க மறந்துடுவாங்க. 10 பேர்ல 9 பேருக்கு இதான்.

பழைய பதிவர்
அடிப்படையே தெரியாம சைட் வெச்சிருந்தா இப்படித்தான் ஆகும். தம்பி, முதல்ல எஸ்இஓ, அதாவது தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வித்தை, என்னன்னு ஒரு வாரம் உக்காந்து படிங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் மெட்டா கீவேர்டு (கண்ணுக்குத் தெரியாம உள்ள போடற தேடுசொல்) எழுதுங்க. பேக்லிங்க் (மத்த சைட்ல இருந்து வர்ற இணைப்பு) இல்லாம மேல வர்றது கஷ்டம். 15 வருஷமா எழுதறவன் சொல்றேன்.

அஞ்சுரோடு
மெட்டா கீவேர்டைப் பாக்கறதில்லைன்னு கூகுள் 2009-லயே சொல்லிட்டாங்க அண்ணா. புதுசா வர்றவங்களை அந்த வேலைல இறக்கிவிடாதீங்க.

நாகலூர் தோட்டம்
மன்னிக்கணும், நாலு மணிக்கே மேகம் கட்டிருச்சு, களத்துல காயற மிளகை அள்ளிட்டு இப்பதான் வர்றேன். தம்பி இல்லீங்க, நான் பொண்ணு. வேர்ட்பிரஸ் இல்லை. சேலத்துல ஒரு கடைல எங்க மாமனார் பண்ணி வாங்கின எச்டிஎம்எல் சைட். சர்ச் கன்சோல்ல சேத்தாச்சு, இண்டெக்ஸ் ஆகிருக்கு, அதாவது கூகுள் பட்டியல்ல ஏறியிருக்குன்னுதான் காட்டுது. தோட்டத்துப் பேரை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா முதல்லயே வருது. தமிழ்ல எது அடிச்சாலும் இல்லை.

மாமனார் எழுதின கட்டுரைங்க 40-க்கு மேல இருக்கு. அரபிகா காபிச் செடில வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி இறங்கினா எப்படிக் கண்டுபிடிக்கறது, சில்வர் ஓக் மரத்து நிழலை எந்த மாசம் கழிக்கணும், பழத்தைத் தோலுரிச்சு எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்னு கையால செஞ்சு பாத்து எழுதினது. அவரு காலமான பிறகு அதைக் கேட்டு யாராவது போன் பண்ணுவாங்க, நான் படிச்சுச் சொல்வேன். அது தேடறவங்களுக்குக் கிடைக்கணும், அதான் எனக்கு வேணும். காபி விக்கறது அப்புறம்.

மஞ்சக்குட்டை
அப்ப என் டிக் கதை இல்லை. ஒரு கட்டுரைல இருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடிப் பாருங்க. அதுவும் வரலைன்னா தரவரிசைப் பிரச்சினையே இல்லை, வேற ஏதோ.

நாகலூர் தோட்டம்
வரலைங்க. இன்னொண்ணு, சொல்ல விட்டுப்போச்சு. இங்கிலீஷ்ல தேடும்போது எங்க பேரு வருதில்ல, அதுக்குக் கீழ வர்ற ரெண்டு வரி கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா இருக்கு. வைரஸா?

குகை பாலம்
ஹேக் பண்ணிருக்காங்க! ஜப்பானிய எழுத்துல போலிப் பக்கம் போடற ஹேக் ஒண்ணு இருக்கு, என் சித்தப்பா கடை சைட்டுக்கு வந்துச்சு. உடனே சர்வர் பாஸ்வேர்டு மாத்துங்க, எல்லாத்தையும் அழிச்சுட்டு பேக்கப்ல இருந்து ஏத்துங்க.

அஞ்சுரோடு
எதையும் அழிக்காதீங்க!! ஜப்பானிய ஹேக்னா ஜப்பானிய எழுத்துதான் வரும். இவங்களுக்கு வர்றது இங்கிலீஷ் எழுத்து. பேக்கப் இருக்கான்னே தெரியலை, அதுக்குள்ள அழிக்கச் சொல்றீங்க.

டிடிபி செவ்வாய்ப்பேட்டை
அக்கா, ஒரே ஒரு காரியம் செய்யுங்க. உங்க சைட்ல ஏற்காடுன்னு வர்ற இடத்துல விரலை அழுத்தி அந்தச் சொல்லை மட்டும் காப்பி பண்ணி வாட்ஸப்ல ஒட்டுங்க. என்ன வருதுன்னு எழுத்தெழுத்தா சொல்லுங்க.

நாகலூர் தோட்டம்
பெரிய வி, சின்ன டபிள்யூ, அரைப்புள்ளி, சின்ன எஃப், சின்ன எச், பெரிய எல். ஆனா சைட்ல பாக்கும்போது ஏற்காடுன்னு அழகாத்தான் இருக்கு.

டிடிபி செவ்வாய்ப்பேட்டை
இது பாமினி, பழைய தமிழ் எழுத்துரு. கல்யாணப் பத்திரிகை அடிச்சு அடிச்சு கண்ணை மூடிட்டே படிப்பேன். வி-ன்னா ஏ, டபிள்யூ அரைப்புள்ளி ரெண்டும் சேந்தா ற், எஃப் எச் கா, பெரிய எல் டு.

உங்க கட்டுரைல தமிழே இல்லைக்கா. உள்ள இருக்கறது பூரா இங்கிலீஷ் எழுத்து. அது மேல பாமினி எழுத்துருவை மாட்டி விட்டிருக்காங்க, அதனால கண்ணுக்குத் தமிழா தெரியுது. எழுத்துருக் கோப்பும் சைட்டோடவே இறங்கறதால போன்லயும் சரியாத் தெரிஞ்சிருக்கு, யாருக்கும் சந்தேகம் வரலை. கூகுள் எழுத்துருவைப் பாக்காது, உள்ள இருக்கற எழுத்தைத்தான் படிக்கும். அதான் அந்த ரெண்டு வரி குப்பை. பக்கம் இண்டெக்ஸ் ஆச்சுன்னு சொல்றதும் உண்மைதான், ஆனா யாரு வி டபிள்யூ அரைப்புள்ளின்னு அடிச்சுத் தேடுவா? பார்வை இல்லாதவங்க போன்ல வாசிக்கிற செயலியும் இதை உளறலாத்தான் வாசிக்கும்.

யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழ் எழுத்தாவே சேமிக்கிற பொது முறைக்கு, மாத்தணும். என்எச்எம் கன்வெர்ட்டர் போதும், பாமினின்னு தேர்ந்தெடுத்து ஒட்டினா மாத்திக் கொடுத்துரும்.

அஞ்சுரோடு
அருமைங்க. 2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. இன்னும் கடைங்க பாமினில சைட் கட்டிக் கொடுத்துக் காசு வாங்கறது வயித்தெரிச்சலா இருக்கு. ஒரு மனுஷன் ஆயுசு பூரா கத்துக்கிட்டது இத்தனை வருஷம் பூட்டுப் போட்டு வெச்ச மாதிரி கிடந்திருக்கு.

மெய்யனூர் ரீல்ஸ்
மாத்தினாலும் பிரயோஜனம் கம்மிதான். தமிழ்ல யாரு தேடறா? சேலத்துல இருந்து மேல வர்றவன் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கிறான்.

மஞ்சக்குட்டை
டூரிஸ்ட் அடிப்பாங்க. தோட்டக்காரங்க? கூகுள்ல தமிழ்ல பேசித் தேடற வசதி 2017-ல வந்துச்சு. எங்கப்பா அதுக்கப்புறம் டைப் பண்றதையே விட்டுட்டாரு. போனை வாய்கிட்ட வெச்சு மிளகுக் கொடி வாடல்னு கேக்கறாரு. வர்றது எல்லாம் வேற ஊர்க்காரங்க மேலோட்டமா எழுதினது. நம்ம மலைக்காரரு எழுதினது அதுல வரணும்ங்க.

பழைய பதிவர்
எழுத்துரு விஷயம் நானும் யோசிச்சேன். சரி, மாத்தறதுன்னு ஆச்சு, வேர்ட்பிரஸ்ஸுக்கே போயிடுங்க. பக்க முகவரியையும் தமிழ்லயே வைங்க. வாசகர் மொழியில முகவரி வைக்கலாம்னு கூகுளே சொல்லுது.

தறிக்காரர்
கூகுள் சொல்றது சரி. வேர்ட்பிரஸ்ல சிக்கல் இருக்கு. முகவரிக்கு அதுல 200 இடம்தான். ஒரு தமிழ் எழுத்து உள்ள போகும்போது சதவீதக் குறியோட 9 இடம் பிடிக்கும், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா இன்னொரு 9. காபி வெள்ளைத் தண்டுத் துளைப்பான்னு தலைப்பு வெச்சா முகவரி "காபி-வெள்ளைத்-தண்டுத்-து" வரைக்கும்தான் நிக்கும். அதே தலைப்புல ரெண்டாம் பாகம் எழுதினா பின்னாடி 2-ன்னு ஒட்டிக்கும். வாட்ஸப்ல அனுப்பினா அரைப் பக்கத்துக்கு சதவீதக் குறியா ஓடும்.

பழைய பதிவர்
குறைச்சு ரெண்டு சொல்லுல வெச்சா முடிஞ்சுது. தமிழ்ல எழுதிட்டு முகவரியை இங்கிலீஷ்ல வைக்கறது எனக்கு ஒப்பாது.

தறிக்காரர்
உங்களுக்கு ஒப்பலைங்கறதுக்காக அவங்க 40 பக்கத்துக்கும் முகவரி மாத்தணுமா? மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் 301 (பழைய முகவரிக்கு வர்றவங்களைப் புதுசுக்குத் திருப்பிவிடறது) போடணும், குறைஞ்சது ஒரு வருஷம் அதை எடுக்கக்கூடாது. ஒண்ணு விட்டுப்போனாலும் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு செத்துப்போகும். இங்க முகவரில கோளாறே இல்லை, எழுத்துலதான்.

பழைய பதிவர்
நான் பொதுவாச் சொன்னேன்.

டிடிபி செவ்வாய்ப்பேட்டை
அக்கா, இவங்க பேசி முடிக்கட்டும். நீங்க முகவரியைத் தொடாம உள்ளடக்கத்தை மட்டும் மாத்துங்க. கட்டுரை நடுவுல நிஜமான இங்கிலீஷ் சொல் இருந்தா, மருந்துப் பேரு, பூச்சியோட அறிவியல் பேரு மாதிரி, கன்வெர்ட்டர் அதையும் தமிழ்னு நினைச்சுப் பிய்ச்சுடும். அந்த இடங்களைக் கண்ணால பாத்துத் திருத்தணும். மருந்து அளவு தப்பாப் போயிடக்கூடாது இல்லையா, பழைய பக்கத்தைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க. பக்கத்தோட மொழி தமிழ்னு எச்டிஎம்எல் நிரல்ல மேல குறிப்பிடுங்க. அப்புறம் சர்ச் கன்சோல்ல முகவரியைப் போட்டு இண்டெக்ஸ் கேளுங்க. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு வரம்பு இருக்கு, முக்கியமானதை முதல்ல கொடுங்க. பலன் தெரிய சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

குகை பாலம்
பாஸ்வேர்டை மாத்தறதுல தப்பில்லைங்க, அதை மட்டும் செஞ்சுருங்க.

அஞ்சுரோடு
@நாகலூர் தோட்டம் என்ன ஆச்சுங்க? கோடை விழாவே முடியப்போகுது.

நாகலூர் தோட்டம்
தண்டுத் துளைப்பான் கட்டுரையும் இன்னும் ரெண்டும் மாத்திட்டேன். மேற்கோள் போட்டுத் தேடினா வருது, கீழ ரெண்டு வரியும் தமிழ்ல இருக்கு. நேத்து வாழவந்தில இருந்து ஒருத்தரு அதைப் படிச்சுட்டுப் போன் பண்ணினாரு. மிச்சத்தை ராத்திரி ராத்திரி மாத்திட்டு இருக்கேன். டிடிபி அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

டிடிபி செவ்வாய்ப்பேட்டை
சந்தோஷம்க்கா. மாத்தின பக்கங்கள்ல அந்தப் பழைய பாமினி எழுத்துருக் கோப்பைக் கூப்பிடற வரியை எடுத்தாச்சா? இருந்தா பக்கம் வீணா மெதுவா இறங்கும்.

மஞ்சக்குட்டை
மிளகு வாடல் பத்தி மாமனார் எழுதிருந்தா அதை அடுத்து ஏத்துங்க, எங்கப்பா கேட்டுட்டே இருக்காரு.