புதுப்பிப்பு: பிரின்டர் 'ஆஃப்லைன்' பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் புலம்பியிருந்தேனே, வைஃபையில் இருக்கும் பிரின்டர் தினமும் காலையில் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது, டிரைவரை (பிரின்டரை இயக்கும் மென்பொருளை) மூன்று முறை அழித்துப் போட்டும் பயனில்லை என்று. டிரைவர் மேல் தப்பே இல்லை.

பிரின்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்செடுத்துப் பார்த்தேன், அதில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்கும் எண்) 192.168.1.23, ஆனால் விண்டோஸில் பிரின்டர் பிராப்பர்ட்டீஸ் திறந்து போர்ட்ஸ் பக்கத்தை (கணினி எந்த முகவரிக்கு அச்சு வேலையை அனுப்புகிறது என்று காட்டும் இடம்) பார்த்தால் அங்கே இன்னும் 192.168.1.14! இரவில் பிரின்டரை அணைத்துவிடுவேன், காலையில் ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்துவிடும், கணினியோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரில் பிரின்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்கி வைத்தேன். அப்புறம் விண்டோஸின் அதே போர்ட்ஸ் பக்கத்தில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' ஒன்றைப் புதிதாகச் சேர்த்து அதே எண்ணைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இடையில் ஒரு சின்னத் தலைவலி. பழைய அச்சு வேலை ஒன்று 'டிலீட்டிங்' என்றே நின்றுவிட்டது, ரீஸ்டார்ட் செய்தும் நகரவில்லை. விண்டோஸின் சர்வீசஸில் பிரின்ட் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சேவை) நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற ஃபோல்டரில் கிடந்த ஃபைல்களை மட்டும் அழித்து (ஃபோல்டரை அல்ல!), ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டதும் சரியானது.

ஐபி சரியாக இருந்தும் ஆஃப்லைன் காட்டினால், அதே போர்ட் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' (பிரின்டரின் நிலையைக் கேட்டறியும் வசதி) டிக்கை எடுத்துப் பாருங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. இன்றோடு ஐந்தாவது நாள், ஒழுங்காக அச்சாகிறது.