வீட்டுக் கடன் கணக்கை மேடையில் எப்படிச் சொல்வது?
நண்பர்களே, ஓசூரில் முதல் வீடு வாங்குவோருக்காக 10 நிமிட உரை ஒன்று தயாராகிறது. யோசனை தேவை.

60 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் தரும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இந்தக் கணக்கில் சேராது. ஆக மீதி விலை 12 லட்சம், இந்தச் செலவு 5.4 லட்சம் எனக் கையில் 17.4 லட்சம் வேண்டும். 12 லட்சத்தோடு வருபவர்கள் கடைசி நேரத்தில் தனிநபர் கடன் தேடி ஓடுவது இதனால்தான். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 41,650; முதல் மாதம் அதில் 34,000 வட்டிக்கே போய்விடும்!

இத்தனை எண்களை அடுக்கினால் மூன்றாவது நிமிடத்தில் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும். ஸ்லைடு கிடையாது, கரும்பலகை மட்டும். 17.4-இல் தொடங்கலாமா, 34,000-இலா? எதை விடலாம்? மேடை ஏறிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.