எழுதியாச்சு என்று நம்பி ஏமாந்த கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

பழைய சி:
என் கதை ஒரு வே பிரிட்ஜில் (லாரி எடை மேடையில்) நடந்தது. 32 பிட் ஆர்ம் போர்டு என்ற சின்ன கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், மேலே நான் எழுதிய சி நிரல். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையை வாங்கி, வண்டி எண், நேரம், சரக்கு எல்லாம் சேர்த்து 72 பைட் ரெக்கார்டாக அந்த மாதத்து ஃபைலின் வாலில் ஒட்டும். இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லை.

ஒரு நாள் ஃபோன் வந்தது. "சார், ஒரு லாரி தொண்ணூற்று நாலு கோடி கிலோ காட்டுது." சிரித்துவிட்டேன். ஃபைலை வாங்கிப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. ஒரு லாரி இல்லை, அதற்கப்புறம் வந்த அத்தனையும் அப்படித்தான். அதிலும் பல வண்டிகளுக்குப் பைட் மாறாமல் ஒரே எடை: 942886484.

அந்த எண்ணை நாலு பைட்டாக உடைத்ததும் விஷயம் பிடிபட்டது. 84, 78, 51, 56. எழுத்தாகப் படித்தால் டி, என், 3, 8. எடை இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த வண்டியின் நம்பர் பிளேட் உட்கார்ந்திருந்தது!

நடந்தது இதுதான். நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல்கள் பெருகி டிஸ்க் நிரம்பிவிட்டது. ஃபைல் சிஸ்டம் இடத்தைப் பிளாக் பிளாக்காகத்தான் ஒதுக்கும், ஒரு பிளாக் 4096 பைட். அந்த ஃபைலுக்கு அதுவரை கிடைத்தது நாலு பிளாக், 16384. அதில் 227 முழு ரெக்கார்டு போக மிச்சம் 40 பைட். 228-வது லாரியின் ரெக்கார்டை எழுதும்போது அந்த 40 மட்டும் உள்ளே போனது. அடுத்த பிளாக்குக்கு இடமில்லை. ரைட் அழைப்பு (எத்தனை பைட் எழுதியது என்று விடை தரும், தோற்றால் மைனஸ் ஒன்று) 40 என்று ஒழுங்காகத்தான் திருப்பிச் சொன்னது. நான் பார்த்ததோ, விடை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும். 40 பூஜ்யத்துக்கு மேல், அப்போ வெற்றி! அடுத்த மூன்று லாரிக்கு மைனஸ் ஒன்று வந்தது. அதைப் பிழை என்று உணர்ந்து லாக்கில் எழுதப் போனது நிரல். லாக்கும் அதே நிரம்பிய டிஸ்கில். அப்புறம் யாரோ பழைய லாக்கை அழிக்க, எழுத்து மறுபடி ஓட ஆரம்பித்தது, பாதி ரெக்கார்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு.

வெட்கமான பகுதி இனிமேல்தான். அவசரத்தில் திருத்தினேன்: விடை ரெக்கார்டின் அளவைவிடக் குறைவாக இருந்தால் பிழை என்று. அளவைத் தரும் சைஸ்ஆஃப்பின் விடை குறியில்லா எண், அதாவது மைனஸே வராத வகை. சி மொழி இரண்டையும் ஒப்பிடும்போது மைனஸ் ஒன்றையும் குறியில்லா எண்ணாக்கிவிடும். அந்த போர்டில் அது 4294967295. 72-ஐவிட அது குறைவா? இல்லை. ஆக, அரைகுறை எழுத்தைப் பிடிக்கப் போய், ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்த முழுத் தோல்வியைக் கைவிட்டிருந்தேன். கம்பைலரின் கூடுதல் எச்சரிக்கைகளைப் போட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும். போடவில்லை.

இப்போது இருப்பது ஒரு சுழல். மைனஸ் ஒன்று வந்தால் எர்ர்நோவை (என்ன பிழை என்று சொல்லும் எண்) அந்தக் கணமே எடுத்து வைத்துக்கொள்வது (நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டாலும் அது மாறிப்போகலாம்), சிக்னல் (நிரலுக்கு நடுவில் வரும் அறிவிப்பு) குறுக்கிட்டதென்றால் மறுபடி முயல்வது, குறைவாக எழுதியிருந்தால் மிச்சத்தை எழுதுவது. கடைசியில் முடியவே இல்லையென்றால் ஃபைலைப் பழைய நீளத்துக்கே வெட்டிவிடுவது. பாதி ரெக்கார்டு வாலில் தொங்கக் கூடாது.

சாலிடர் புகை:
அண்ணா, எனக்கும் இதே வியாதி, உறுப்புதான் வேறு. ராத்திரியில் ஓடும் ரிப்போர்ட் நிரல். ஃபைலில் எழுதும் ஒவ்வொரு எஃப்பிரிண்ட்எஃப் விடையையும் சரிபார்த்திருந்தேன், பெருமையாக. ஃபைலை மூடும் எஃப்க்ளோஸை மட்டும் பார்க்கவில்லை. மூடுவதில் என்ன தப்பு வரப்போகிறது என்று. ஃபைல் இருந்தது நெட்வொர்க் டிரைவில், என்எஃப்எஸ். கோட்டா (நமக்கு ஒதுக்கிய இட அளவு) தீர்ந்த செய்தி அங்கே பெரும்பாலும் மூடும்போதுதான் வரும். அதோடு, எஃப்பிரிண்ட்எஃப் எழுதுவது நம் நிரலின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில். கடைசி துண்டு லினக்ஸின் மையமான கெர்னலுக்கே போவது எஃப்க்ளோஸில்தான். காலையில் ரிப்போர்ட் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. நிரலோ பூஜ்யம் (வெற்றி) சொல்லி நல்ல பிள்ளையாக முடிந்திருந்தது.

சந்தேகமிருந்தால் லினக்ஸில் டெவ் ஃபுல் என்ற சாதன ஃபைல் இருக்கிறது. எதை எழுதினாலும் இடமில்லை என்று சொல்வதே அதன் வேலை. நாம் எல்லோரும் முதலில் எழுதிய ஹலோ வேர்ல்ட் நிரலின் வெளியீட்டை அதற்குள் திருப்பிவிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்தும் போய்ச் சேராது, நிரல் வெற்றி என்று சொல்லும். முதல் பாடத்திலேயே பிழை!

தலைப்பிலா:
க்ளோஸ் தோற்றால் அதையும் சுழலில் போட்டு மறுபடி அழைக்க வேண்டியதுதானே?

சாலிடர் புகை:
ஐயோ, வேண்டாம். லினக்ஸில் க்ளோஸ் பிழை சொன்னாலும் அந்த ஃபைல் எண் (திறந்த ஃபைலுக்கு கெர்னல் தரும் எண்) ஏற்கெனவே விடுபட்டிருக்கும். அதற்குள் அதே நிரலில் கூடவே ஓடும் இன்னொரு த்ரெட் வேறு ஃபைலைத் திறந்து அதே எண்ணை வாங்கியிருந்தால், நீங்கள் மூடுவது அவருடையதை. பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள், அழைப்பு ஒரு தடவை மட்டும்.

இராத்திரி ஷிப்ட்:
மறுபடி முயல்வது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சேமிப்புப் பெட்டிக்குப் போகும் நெட்வொர்க் அறுந்து அறுந்து வந்த ஒரு இடத்தில் வேலை செய்தேன். எங்கள் சர்வீஸில் எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்குக்கே கொண்டுபோகச் சொல்லும் அழைப்பு) தோற்றால் ஒரு நொடி தூங்கி மறுபடி அழைக்கும். இரண்டாம் முறை வெற்றி என்று வரும். அந்த வரியை எழுதியவன் நான்தான், எவ்வளவு பொறுப்பான கோடு என்று நினைத்தும் கொண்டேன். மறுதொடக்கத்துக்கு அப்புறம் பார்த்தால், வெற்றி வந்த தரவில் ஓட்டைகள்.

2018-ல் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆட்கள் இதே விஷயத்தில் அதிர்ந்துபோய் விவாதித்ததைப் படித்தபோதுதான் எனக்குக் காரணம் புரிந்தது. டிஸ்குக்கு எழுத முடியாமல் போனால் கெர்னல் பிழையை ஒரு தடவை சொல்லும். ஆனால் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டங்களில், நினைவகத்தில் இருக்கும் அந்தத் தரவுத் துண்டு இனி எழுத வேண்டியதில்லை என்று குறிக்கப்பட்டுவிடும். அடுத்த எஃப்சிங்க்குக்கு எழுதவே எதுவும் இல்லை, அதனால் வெற்றி. போஸ்ட்கிரஸும் அதுவரை மறுபடி முயன்றுகொண்டுதான் இருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பில் மாற்றினார்கள்: எஃப்சிங்க் தோற்றால் சர்வரே விழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைத்த பதிவேட்டிலிருந்து மீண்டு எழும். அவ்வளவு பெரிய மென்பொருளே அப்படி விழத் துணிந்தது என்பதைக் காட்டித்தான் மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன்.

பெயர் வேண்டாம்:
சின்ன விஷயம். டிஸ்கை வேண்டுமென்றே நிரப்பிச் சோதித்தேன், நிரல் ஜம்மென்று ஓடியது. வாடிக்கையாளரிடம் போனதும் விழுந்தது. நான் சோதித்தது ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி யூசராக)! எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். மற்றவர்களுக்குத் தீர்ந்த பிறகும் எனக்கு இடம் இருந்தது. இப்போது 1 எம்பி டெம்ப்எஃப்எஸ் (நினைவகத்தில் இருக்கும் ஃபைல் சிஸ்டம்) ஒன்றை மவுன்ட் செய்து, சாதாரண யூசராக அதில் ஓட்டுகிறேன். ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும். எஃப்சிங்க்கைத் தோற்கடிக்க எஸ்ட்ரேஸ் என்ற கருவி போதும், எந்த அழைப்புக்கும் பொய்யாக ஒரு பிழையைத் திணிக்கும்.

சி படிக்கும் பெண்:
எல்லாம் சரி அண்ணா. பிழை வந்தது தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன செய்வது? எங்கள் பாடத்தில் பிழைச் செய்தியை அச்சிட்டு வெளியேறு என்பதோடு முடித்துவிட்டார்கள். செட்டிங்ஸ் ஃபைலை எழுதும்போது அப்படி வெளியேறினேன், பழைய செட்டிங்ஸும் போய்விட்டது.

பழைய சி:
அது எழுதும் முறையில் இருக்கும் சிக்கல், தங்கச்சி. பழைய ஃபைலையே எழுதுவதற்காகத் திறந்தால், திறந்த நொடியே அது காலி. பக்கத்தில் இன்னொரு பெயரில் எழுது, எஃப்சிங்க் செய், மூடு, எல்லாம் தேறினால் மட்டும் ரீநேம் செய். கரன்ட் போனாலும் நிலைக்க வேண்டுமென்றால் அந்த டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். நடுவில் எது தோற்றாலும் தற்காலிக ஃபைலை அழித்துவிட்டு வெளியேறு. பழையது தொடப்படாமல் இருக்கும்.

உன் முதல் கேள்விக்கு எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது. வே பிரிட்ஜில் நான் செய்தது: எஃப்சிங்க் வரை தேறாமல் எடைச்சீட்டு அச்சாகாது. சிவப்பு விளக்கு எரியும், ஆபரேட்டர் கத்துவார், லாரி நிற்கும். முதல் வாரம் எனக்குத் திட்டு விழுந்தது. லாக்குக்கு டிஸ்கில் தனி பார்ட்டிஷனும் (தனிப் பகுதியும்) கொடுத்துவிட்டேன்.

பழைய ஃபைல் என்னாயிற்று என்று கேட்பீர்கள். 16384-வது பைட்டுக்குப் பிறகு 32 பூஜ்யங்களைச் செருகப் பத்து வரி நிரல் எழுதினேன். பின்னால் இருந்த எல்லா எடையும் சட்டென்று இடத்தில் வந்து உட்கார்ந்தது. 228-வது லாரிக்கும் அடுத்த மூன்றுக்கும் மட்டும் எடை எங்கேயும் இல்லை. கேட் கிளார்க் கம்ப்யூட்டரை நம்பாதவர். நீள நோட்டில் பேனாவால் நாலையும் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து நான் டைப் செய்து ஏற்றினேன்.