பிக்கிள்பால் டைம்-அவுட் விதி: விளக்கம் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாங்கள் ஆடும் இரட்டையர் பிக்கிள்பால் (மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் விளையாட்டு) ஆட்டங்களில் டைம்-அவுட் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தி எடுக்கும் இடைவேளை) குறித்து அடிக்கடி கருத்து வேறுபாடு எழுகிறது. 11 புள்ளி ஆட்டத்தில் அணிக்கு 2 முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் வரை. அதையும் அடுத்த சர்வ் அடிக்கப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும் என்பது வரை எல்லோருக்கும் தெளிவு.

சிக்கல் மருத்துவ டைம்-அவுட்டில்தான். சென்ற வாரப் புழுக்கத்தில் ஒருவர் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து பேஸ்லைனிலேயே (களத்தின் பின்கோடு) உட்கார்ந்துவிட்டார். அவருக்கு 15 நிமிடம் வரை உண்டு என ஒரு தரப்பும், சாதாரண டைம்-அவுட்டில்தான் கழிக்க வேண்டும் என மறுதரப்பும் வாதிட்டன. வலியால் துடிப்பவரை நிற்கவைத்து விதி பேசுவது சரியல்ல என்பதால்தான் இதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். நடுவரும் மருத்துவரும் இல்லாத உள்ளூர் ஆட்டத்தில் இதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? நடுவராகப் பணியாற்றியவர்கள் விதி எண்ணுடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.