பெரிய துணிக்கடைகள்: சாப்பாடும் விடுதியும் போதுமா?

பொருநைக்கரை:
தி.நகரின் பெரிய துணிக்கடைகளைக் குறை சொல்பவர்கள் ஒருமுறை திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளுக்குச் சிபாரிசு கேட்காமல் வேலை கொடுத்தது யார்? தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, தீபாவளிக்குப் போனஸ். என் தங்கை சேலைப் பிரிவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில்தான் எங்கள் ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டோம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தவரும் ஒரு கடை முதலாளிதான்.

மூன்றாம்தளம்:
அண்ணா, நானும் அதே வேலை பார்த்தவள். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு பத்துக்குத்தான் இறங்குவோம். ஆளில்லாத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தால்கூட, கேமராவில் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் வந்துவிடுவார். கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்ததால் தண்ணீரே குடிக்க மாட்டோம். இருபத்து மூன்று வயதிலேயே என் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடியதால் கேரளம் 2018-லேயே உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல்தான் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஒரு நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

கல்லாப்பெட்டி:
நான் நிர்வாகத்தில் இருப்பவன். எங்கள் கடையில் எல்லாக் கவுன்டருக்குப் பின்னாலும் முக்காலி போட்டாயிற்று. ஊழியர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு ஊழியர் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தால், நாங்கள் 3.25 சதவீதம் கட்டுகிறோம். லாபத்தில் 2 சதவீதத்தை ஊர் நலனுக்குச் செலவிடுகிறோம்.

மூன்றாம்தளம்:
ஐயா, அந்த 2 சதவீதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2013 நிறுவனச் சட்டம் விதித்த கடமை. ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்தக் கணக்கில் காட்டவும் முடியாது. வகுப்பறை கட்டியதை வைத்து ஊழியரைக் கவனித்ததாகச் சொல்லாதீர்கள். முக்காலி இருக்கிறது, சரி. ஊக்கத்தொகை பில் கணக்கில்தானே? உட்கார்ந்தவளின் வாடிக்கையாளரைப் பக்கத்துக் கவுன்டர் அழைத்துக்கொள்கிறது. பிறகு யார் உட்காருவார்கள்?

பொருநைக்கரை:
ஊக்கத்தொகை முறையை மாற்றச் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் விடுதியை மட்டும் குறை சொல்லிவிடாதீர்கள். அந்தச் சம்பளத்தில் சென்னையில் வாடகை கொடுக்க முடியுமா?

மூன்றாம்தளம்:
முடியாது. அதனால்தான் வாய் திறக்கப் பயந்தோம். வேலை போனால் அன்று இரவே படுக்கவும் இடமில்லை. கல்லாப்பெட்டி ஐயா, உணவுக்கும் விடுதிக்கும் ஆகும் தொகையைச் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டுகிறீர்களா? விடுதி வேண்டாம் என்பவருக்கு அந்தப் பணத்தைக் கையில் கொடுப்பீர்களா?

கல்லாப்பெட்டி:
தனியாகக் காட்டுவதில்லை. வெளியே தங்க அனுமதித்தால் பெண்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? பெற்றோர் எங்களை நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

மூன்றாம்தளம்:
பெற்றோர் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் உங்களிடம் வேலை செய்பவர்கள் வாக்குரிமை உள்ள பெண்கள். முதலில் தொகையைச் சீட்டில் எழுதுங்கள். விடுதியா, வெளியிலா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.