மறு: [கலைச்சொல்] வெளிவராத பதிப்புக்கு ஒரு பெயர்

2025 ஜூன்

வணக்கம். மாணவர்களுக்கான டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிள்ளைகள் கொண்டுவருவதெல்லாம் புது லேப்டாப். நிலையான டெபியன் 12-இல் இருப்பது கெர்னல் (வன்பொருளை இயக்கும் கருநிரல்) 6.1, வைஃபை 7 அட்டைகள் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. அதனால் இன்னும் வெளிவராத 13-ஐப் போடச் சொல்கிறேன், அதில் 6.12. இதை எப்படி எழுதுவது? இப்போதைக்கு 'முன்வெளியீடு' என்று வைத்திருக்கிறேன்.
– திருச்சி

> முன்வெளியீடு

ஐயா, வேண்டாம். பதிப்பகத்தார் புத்தகம் வருமுன் பணம் வாங்குவதற்குப் பெயர்தான் முன்வெளியீட்டுத் திட்டம். தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பார்கள்! 'வெள்ளோட்டப் பதிப்பு' போதும். கப்பலுக்கும் தேருக்கும் சொல்வதுதானே.
– கோவை

வெள் + ஓட்டம். தனிக்குறில் முன் ஒற்று இரட்டியது. இங்கே வெள் நிறமன்று, வெறுமை. வெள்ளிடை (வெட்டவெளி) என்னும்போதும் அதுவே. குறள் 844-இல் வெண்மை என்பது அறிவு முதிராமை. வெள்ளறிவு, வெள்ளந்தி எல்லாம் இந்தப் பக்கம்தான். முதிராத பதிப்புக்கு ஓட்டம் எதற்கு? 'வெண்பதிப்பு' என்றே வைக்கலாம்.
– மதுரை

> வெண்பதிப்பு

வெற்றுத்தாளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். பேசாமல் 'பீட்டா' என்று எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும்.
– சென்னை

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். டெபியனில் மென்பொருள் தொகுப்புகள் முதலில் 'சிட்' என்ற நிலையற்ற கிளைக்கு வரும். சில நாளில் பெரிய வழு எதுவும் கிளம்பவில்லையென்றால் 13 ஆகப்போகும் 'டெஸ்டிங்' கிளைக்கு நகரும். மே 15 முதல் கடும் உறைவு (வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவது), முக்கியத் தொகுப்புகளை வெளியீட்டுக் குழுவினர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். இப்படி ஊறிவருவதைப் பீட்டா என்ற ஒரு சொல்லில் அடைக்க முடியாது.
– கோவை

வெள்ளோட்டத்துக்கு என் மறுப்பைப் பதிகிறேன். எங்கட ஊரில் புதுத் தேரை வெள்ளோட்டம் விடேக்க சுவாமி தேரில் இருக்கமாட்டார். வெறுந்தேர்தான் ஓடும், அச்சு முறிந்தாலும் பாதகமில்லை. மதுரை ஐயா சொன்ன வெறுமையும் அதுதானே? இந்தப் பிள்ளைகள் ஆய்வேடு, படங்கள் எல்லாம் உள்ள கணினியில் 13-ஐப் போடப்போகிறார்கள். சுவாமியை ஏற்றிக்கொண்டு ஓடுவதை வெள்ளோட்டம் என்று சொல்லேலாது.
– யாழ்ப்பாணம்

அண்ணா, நியாயம்தான். ஆனால் டெலிவிஷனில் ரயில் வெள்ளோட்டம் என்று சொன்னால் பெட்டியில் யார் இருந்தார்கள் என்றா பார்க்கிறோம்? சொல் நகர்ந்துவிட்டது.
– கோவை

சரி, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. பெரும்பான்மைப்படி 'வெள்ளோட்டப் பதிப்பு' என்றே போடுகிறேன். யாழ்ப்பாணத்து அண்ணனுக்காக முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்த பிறகே நிறுவவும்.'
– திருச்சி

அந்த வரி நல்லது. சொல்லுக்கு என் மறுப்பு மறுப்புத்தான்.
– யாழ்ப்பாணம்

வெண்பதிப்பையும் கிடப்பில் போடவேண்டாம். அப்புறம், 'கடும் உறைவு' யார் வைத்தது? உறைதல் என்றால் தங்குதலும் உண்டு, உறைவிடம், உறையூர். தனி இழையில் எழுதுகிறேன், சற்று நீளும்.
– மதுரை