அப்பாவுக்கு ஸ்டீரியோ ஆம்ப்: 30,000 ரூபாய்க்குள் எது?

மஞ்சக்குப்பம்_மகள்:
அப்பா வீடு கடலூர் மஞ்சக்குப்பம். பழைய ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்) ஒரு சேனல் போயிடுச்சு, ஒரு பக்க ஸ்பீக்கர்ல சத்தமே வரல. ரிப்பேர் பார்த்தவர், ஐசி கிடைக்காதுன்னு கையை விரிச்சுட்டார். ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி 8 ஓம், 89 டிபின்னு (டெசிபல்) போட்டிருக்கு. ரூம் 12க்கு 14 அடி. டெக்னிக்ஸ் டர்ன்டேபிள்ல சீர்காழி கோவிந்தராஜன் எல்பி கேட்பார். ராத்திரி டிவி நியூஸும் இதுலயே வரணுமாம். வயசு 74, வலது காது கொஞ்சம் மந்தம். "திருகுற நாப் இருக்கணும், மெனு கினு வேணாம்"ங்கிறார். கடையில சவுண்ட்பாரைத் தலையில கட்டப் பார்க்கிறாங்க. நான் பெங்களூர்ல இருக்கேன், அடிக்கடி வந்து செட் பண்ண முடியாது.

ஈயம்பத்தி, முத்தியால்பேட்டை:
சவுண்ட்பார்ல டர்ன்டேபிளை எங்கம்மா சொருகுறது? போனோ இன்புட், அதாவது டர்ன்டேபிளுக்குன்னே உள்ள சொருகுற இடம், அது இருக்கற ஆம்ப்தான் வேணும். ஊசி மாட்டியிருக்கற எம்எம் (மூவிங் மேக்னட்) காட்ரிட்ஜ்லருந்து வர்றது சில மில்லிவோல்ட். அதைப் பெருக்கறதோட, இசைத்தட்டு வெட்டும்போது குறைச்ச பேஸைத் (அடி சத்தம்) திரும்பக் கூட்டறதும் ஆம்ப் உள்ள இருக்கற போனோ ஸ்டேஜ் வேலை. சாதா ஆக்ஸ் இன்புட்ல சொருகினா சீர்காழி குரலே கொசு பாடற மாதிரி இருக்கும்.

யமஹா ஏ-எஸ்201 பாருங்க. போனோ உண்டு; பேஸ், ட்ரெபிள் (மேல் சத்தம்), பேலன்ஸ் (இடது வலது சத்த அளவு) எல்லாம் நாப்தான். பக்கத்துலயே ஆர்-எஸ்202ன்னு ஒண்ணு வச்சிருப்பான். அதுல புளூடூத், எஃப்எம் இருக்கும், போனோ இருக்காது. பெட்டி மேல நம்பரைப் பார்த்து வாங்குங்க. வாட்ஸ் கணக்கெல்லாம் விடுங்க. 89 டிபி ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர்ல 89 டிபி. பவர் இரட்டிச்சா 3 டிபிதான் ஏறும். அந்த ரூமுக்கு 40 வாட்டே தாராளம்.

லாஸ்பேட்டை_எல்பி:
201ல ஆப்டிகல் (ஒளி ஒயர்ல டிஜிட்டல் சத்தம் வாங்கற இன்புட்) கிடையாதே அண்ணே, டிவிக்கு என்ன பண்ணுவாங்க? ஏ-எஸ்301ல ஆப்டிகலும் போனோவும் இருக்கு. டெனான் பிஎம்ஏ-600என்இ-ல இதோட புளூடூத்தும் உண்டு. காதுக்காக பேலன்ஸை வலது பக்கம் தள்ளிடலாம்.

ஈயம்பத்தி, முத்தியால்பேட்டை:
டெனான் நல்ல செட்டுதான், தம்பி. ஆனா அவங்க சொன்ன காசுக்குள்ள வராது. புளூடூத் அந்தப் பெரியவருக்கு எதுக்கு?

பேலன்ஸைத் தொடாதீங்க. ஹெட்போன் மாதிரி இல்ல, ரூம்ல ரெண்டு ஸ்பீக்கர் சத்தமும் ரெண்டு காதுக்கும் போகும். பேலன்ஸைத் தள்ளினா, பக்கத்துல உட்கார்ற அம்மாவுக்கு எல்லாம் ஒரு பக்கமாக் கேக்கும். வயசானா முதல்ல குறையறது மேல் சுருதிதான். ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்துங்க, நியூஸ்காரர் உச்சரிப்பு புரியும். டோன் நாப் இல்லாத "சுத்தமான" ஆம்ப் வாங்கச் சொல்றவன் பேச்சைக் கேட்காதீங்க.

டிவிக்கு ஆப்டிகல்னா, டிவி சவுண்ட் செட்டிங்ல ஒரு தடவை பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம்) மாத்தணும். டால்பியிலேயே விட்டா அந்த ஆம்ப்ல சத்தம் ஒழுங்கா வராது. 201 வாங்கினா டிவி ஹெட்போன் ஜாக்லருந்து ஒயர் போட்டுக்கலாம். ஆனா அப்போ பல டிவில உள் ஸ்பீக்கர் அடங்கிடும். சீரியலுக்கும் ஆம்பைப் போடணும்.

இன்னொண்ணு: வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா (அலை வளைவா இல்லாம சதுரமா வர்ற கரண்ட்)? கரண்ட் போனா ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் ர்ர்ர்னு இரையும். கடல் காத்துல ஆர்சிஏ ஜாக் (ஆம்ப் பின்னாடி ஒயர் சொருகுற வட்ட ஓட்டை), ஸ்பீக்கர் ஒயர் முனை பச்சை பூக்கும். ஒயர் முனையை வெட்டிப் புதுசா உரிச்சு, பனானா பிளக் மாட்டுங்க.

மஞ்சக்குப்பம்_மகள்:
அம்மா சீரியலை ஆம்ப்ல கேட்கவே மாட்டாங்க, அதனால ஹெட்போன் ஜாக் ஒயர் வேணாம், ஆப்டிகல் உள்ள 301தான். பட்ஜெட்டை மீறினா தம்பிகிட்ட பாதி வாங்கிக்கிறேன். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்தானாம். அந்த பிளக் பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைன்லருந்து பிரிக்க எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லியாச்சு.

ஈயம்பத்தி, முத்தியால்பேட்டை:
சரிம்மா. ஆம்ப் மேல டர்ன்டேபிளை மட்டும் ஏத்தாதீங்க. ஆம்ப் சூடு அதுக்கு நல்லதில்ல, ம்ம்ம்னு ஹம்மும் (இரைச்சல்) அடிக்கும்.